8 ஓம் வூஃபரும் 4 ஓம் ட்வீட்டரும் ஒரே பெட்டியில்: கிராஸ்ஓவரை எந்த ஓமுக்குக் கணக்கிடுவது?

உங்களிடம் 8 ஓம் இம்பீடன்ஸ் (மாறுதிசை மின்னோட்டத்துக்குக் காட்டும் மொத்தத் தடை) கொண்ட 6.5 அங்குல வூஃபர் ஒரு ஜோடியும், 4 ஓம் பட்டு டோம் ட்வீட்டர் ஒரு ஜோடியும் இருக்கின்றன. ஆம்ப்ளிஃபையரின் பின்புறத்தில் '6 முதல் 16 ஓம்' என்று அச்சிட்டிருக்கிறது. தாழ்ந்த ஒலியை வூஃபருக்கும் உயர்ந்ததை ட்வீட்டருக்கும் அனுப்பும் கிராஸ்ஓவரால் 2500 ஹெர்ட்ஸில் பிரிக்க நினைக்கிறீர்கள். கணிப்பானில் எந்த எண்ணை இடுவது, 8ஐயா, 4ஐயா, இரண்டுக்கும் நடுவான 6ஐயா என்பது உங்கள் முதல் கேள்வி. '4–8 ஓம்' என்று எழுதி விற்கும் ஆயத்தக் கிராஸ்ஓவர் பலகையை வாங்கினால் போதுமா என்பது இரண்டாவது. ஆம்ப் தாங்குமா என்பது மூன்றாவது. மூன்றுக்கும் அடியில் ஓர் அச்சம் இருப்பதாக எனக்குப் படுகிறது: ஓம் பொருந்தாத இரண்டு ஸ்பீக்கர்களைச் சேர்த்தால் ஒன்று மற்றொன்றைக் கெடுத்துவிடுமோ என்பது அது. பல ஆண்டுகளாகப் பெட்டி கட்டி வருகிறேன். இந்த அச்சத்தோடு நல்ல ட்வீட்டர்களை மூலையில் போட்டு வைத்திருப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

கெடுக்காது. இது உறுதியாகச் சொல்லக்கூடியது. நாம் வழக்கமாகக் கட்டும் கிராஸ்ஓவரில் வூஃபருக்கான கிளையும் ட்வீட்டருக்கான கிளையும் ஆம்பின் அதே இரண்டு முனைகளிலிருந்து தனித்தனியாகப் புறப்படுகின்றன. இன்றைய வழக்கமான ஆம்ப்ளிஃபையர் தன் முனைகளில் மின்னழுத்தத்தைப் பெரும்பாலும் மாறாமல் வைத்திருக்கும். வீட்டில் ஒரே 230 வோல்ட் லைனில் மின்விசிறியும் விளக்கும் இணைந்திருக்கின்றன. விளக்கை மாற்றினால் விசிறியின் வேகம் மாறுவதில்லை. அதே போலத்தான் ட்வீட்டர் கிளையில் 4 ஓம் இருப்பது வூஃபர் கிளையின் வடிகட்டலைத் தொடுவதே இல்லை. எனவே வூஃபருக்கான காயிலையும் கெப்பாசிட்டரையும் வூஃபரின் ஓமுக்கும், ட்வீட்டருக்கானவற்றை ட்வீட்டரின் ஓமுக்கும் கணக்கிட வேண்டும். ஒரே ஒரு விலக்கு உண்டு. இரண்டு ஸ்பீக்கர்களையும் தொடராக இணைத்து, காயிலை ட்வீட்டருக்குக் குறுக்கேயும் கெப்பாசிட்டரை வூஃபருக்குக் குறுக்கேயும் போடும் சீரியல் கிராஸ்ஓவரில் இரண்டும் ஒன்றையொன்று பாதிக்கும். வேறுபட்ட ஓம்களோடு முதன்முறை கட்டுபவர் அந்த வழிக்குப் போக வேண்டாம்.

நடுவான 6ஐ இடுவது சமரசம் போலத் தோன்றும், ஆனால் அது இரண்டு பக்கமும் தவறிழைப்பதாகும். எண்களோடு பார்ப்போம். கிளைக்கு ஒரு காயிலும் ஒரு கெப்பாசிட்டரும் கொண்ட இரண்டாம் படி லிங்க்விட்ஸ்-ரைலி வடிகட்டியை எடுத்துக்கொள்கிறேன். ஹியூலட்-பேக்கர்ட் நிறுவனத்தில் பணியாற்றிய சீக்ஃபிரீட் லிங்க்விட்ஸ் 1976இல் வெளியிட்ட கட்டுரையின் வழியே பரவிய வகை இது. பிரியும் அதிர்வெண்ணில் ஒவ்வொரு கிளையும் 6 டெசிபெல் தாழ்ந்திருக்கும். இரண்டும் ஒத்த கட்டத்தில் (ஃபேஸில்) சேர்ந்தால் கூட்டுத்தொகை சமமாகும். 2500 ஹெர்ட்ஸுக்கு, 8 ஓம் சுமைக்கு ஏறத்தாழ 1.02 மில்லிஹென்றியும் 4 மைக்ரோஃபாரடும் தேவை. 4 ஓம் சுமைக்கு 0.51 மில்லிஹென்றியும் 8 மைக்ரோஃபாரடும் தேவை. காயில் பாதியாகிறது, கெப்பாசிட்டர் இரட்டிப்பாகிறது. இப்போது 6 ஓமுக்குக் கணக்கிட்ட மதிப்புகளை இரண்டு கிளைகளிலும் போட்டால், 2500 ஹெர்ட்ஸில் 8 ஓம் வூஃபர் 6 டெசிபெல்லுக்குப் பதில் மூன்றரை டெசிபெல் மட்டுமே தாழும். 4 ஓம் ட்வீட்டரோ ஒன்பதரை டெசிபெல் தாழும். ஒன்று தன் எல்லையைத் தாண்டி வந்து நிற்கிறது, மற்றொன்று எல்லைக்கே வரவில்லை.

ஆயத்தப் பலகையின் சிக்கலும் இதுவே. ஒரே காயிலும் ஒரே கெப்பாசிட்டரும் 4 ஓமுக்கும் 8 ஓமுக்கும் ஒன்றுபோல வேலை செய்ய இயற்பியல் இடம் கொடுக்காது. பல ஆண்டுகளுக்கு முன் அப்படியொரு பலகையை நம்பி நானே ஒரு ஜோடி பெட்டி கட்டினேன். ட்வீட்டர் 4 ஓம். வாய்ப்பாட்டு கேட்கையில் பாடகியின் குரல் ஒரு திரைக்குப் பின்னாலிருந்து வருவது போலிருந்தது. 'ச', 'ஷ' எழுத்துகள் எல்லாம் மழுங்கியிருந்தன, ஆனால் உச்சத்தில் தாளத்தின் கிணுகிணுப்பு மட்டும் தனியாகக் கேட்டது. ட்வீட்டர்தான் மோசம் என்று முடிவு கட்டினேன். பல வாரங்கள் கழித்துப் பலகையைக் கழற்றி, ஒரு காலை ஈயம் நீக்கித் தூக்கி, மீட்டரில் அளந்தபோது ட்வீட்டர் பக்கம் 1 மில்லிஹென்றியும் 4 மைக்ரோஃபாரடும் இருந்தன. அதாவது சுத்தமான 8 ஓம் மதிப்புகள். அவற்றின் மேல் 4 ஓம் ட்வீட்டரை மாட்டினால் 2500 ஹெர்ட்ஸில் 6 டெசிபெல்லுக்குப் பதில் 12 டெசிபெல் விழும். 5000 ஹெர்ட்ஸில் 2 டெசிபெல் இழப்பு இருக்க வேண்டிய இடத்தில் ஆறரை டெசிபெல் இழப்பு. 10,000 ஹெர்ட்ஸில்கூட 2.7 டெசிபெல் குறைவு. நான் கேட்ட திரை இந்தப் பள்ளம்தான். ட்வீட்டரில் ஒரு குறையும் இல்லை. தலைகீழாகவும் நடக்கலாம்: 4 ஓமுக்கான மதிப்புகளை 8 ஓம் ஸ்பீக்கரில் போட்டால் பிரியும் இடத்தில் தாழ்வே இராது; வூஃபர் கிளையில் 1800 ஹெர்ட்ஸ் அருகே ஒன்றேகால் டெசிபெல் அளவுக்கு ஒரு மேடும் எழும். அது குரலை முகத்தில் அறைவது போல முன்னே தள்ளும்.

ஆக, ஓம் வேறுபாடு வடிகட்டலுக்குத் தடையில்லை. அது உண்மையில் வேலை காட்டும் இடம் வேறு: ஒலியளவு. டேட்டா ஷீட்டில் வூஃபருக்கு '87 டெசிபெல், 2.83 வோல்ட், 1 மீட்டர்' என்றும், ட்வீட்டருக்கு '91 டெசிபெல், 1 வாட், 1 மீட்டர்' என்றும் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இவ்விரண்டையும் நேரே கழித்து 4 டெசிபெல் வேறுபாடு என்று எடுத்துக்கொண்டால் தவறாகிவிடும். 2.83 வோல்ட் 8 ஓமில் 1 வாட், அதே 2.83 வோல்ட் 4 ஓமில் 2 வாட். கிராஸ்ஓவரில் இரண்டு கிளைகளுக்கும் கிடைப்பது சமமான வாட் அல்ல, சமமான வோல்ட். ஆகவே 4 ஓம் ட்வீட்டரின் 1 வாட் எண்ணோடு 3 டெசிபெல் சேர்க்க வேண்டும். உங்கள் ட்வீட்டர் 2.83 வோல்ட்டுக்கு 94 டெசிபெல். வேறுபாடு 4 அல்ல, 7. ஓம் கலந்த பெட்டிகளில் 'ட்வீட்டர் காதைக் குத்துகிறது' என்ற புகாருக்குப் பாதிக் காரணம் இந்த 3 டெசிபெல்லைக் கவனிக்காமல் விடுவதே என்பது என் அனுபவம்.

அந்த ஏழோடு இன்னொன்றும் சேரும். டேட்டா ஷீட்டின் 87 என்பது பெரிய சமதளப் பலகையில் பதித்து எடுத்த அளவு. உங்கள் பெட்டியின் முகப்பு 20 சென்டிமீட்டர் அகலம் என்றால், ஏறத்தாழ 575 ஹெர்ட்ஸைச் சுற்றித் தொடங்கி அதற்குக் கீழே ஒலி முன்புறம் மட்டும் போகாமல் பெட்டியைச் சுற்றிப் பின்னாலும் பரவும். திறந்த வெளியில் இதனால் 6 டெசிபெல் வரை இழப்பு வரும். அறைக்குள், சுவர்கள் கொஞ்சம் திருப்பித் தருவதால், 2 முதல் 4 டெசிபெல் ஈடுசெய்தால் போதும் என்பதே பெரும்பாலானோர் கைக்கொள்ளும் வழக்கம். இது அறையையும் சுவரிலிருந்து உள்ள தூரத்தையும் பொறுத்தது. இங்கிருந்து அதை அறுதியிட்டுச் சொல்ல என்னால் முடியாது. வழக்கமாக வூஃபரின் காயிலைக் கணக்கைவிடப் பெரிதாக்கி இந்த ஈட்டைச் செய்கிறோம். அதன் விளைவாக வூஃபரின் பயன்படு அளவு 84, 85 டெசிபெல் என்று இறங்கும். ட்வீட்டரை 9 முதல் 10 டெசிபெல் வரை தணிக்க வேண்டியிருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். தொடக்கமாக 9ஐ எடுப்போம்.

எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். ட்வீட்டரிடம் 9 டெசிபெல் உபரி இருக்கிறது. எப்படியும் அதை ரெசிஸ்டரில் எரிக்கத்தான் போகிறோம். எரிக்கும்போதே அந்த 4 ஓமை 8 ஓமாகவும் காட்டிவிடலாம். தணிப்புக்கு நாம் பயன்படுத்தும் எல்-பேட்டில் இரண்டு ரெசிஸ்டர்கள் உண்டு: ஒன்று தொடராக, மற்றொன்று ட்வீட்டருக்குக் குறுக்கே. பாடப்புத்தக எல்-பேட், சுமை 4 ஓமாக இருந்தால் வடிகட்டிக்கும் 4 ஓமாகவே தெரியும்படி வடிவமைக்கப்பட்டது. 9 டெசிபெல்லுக்கு ஏறத்தாழ 2.6 ஓம் தொடராகவும் 2.2 ஓம் குறுக்காகவும் வரும். அப்படித்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. குறுக்கே 10 ஓம் போடுங்கள். 4 ஓமும் 10 ஓமும் இணையாகச் சேர்ந்து 2.86 ஓம் ஆகும். அதற்கு முன் 5 ஓம் தொடராக வையுங்கள். வடிகட்டிக்குத் தெரியும் மொத்தம் 7.86 ஓம்; ட்வீட்டருக்குச் சேரும் மின்னழுத்தம் 8.8 டெசிபெல் குறைவு. 5 ஓம் கடையில் கிடைக்காவிட்டால் இரண்டு 10 ஓமை இணையாகப் போட்டால் சரியாக 5 வரும். ஆக ஒரு பெட்டிக்கு மூன்று 10 ஓம், 10 வாட் சிமெண்ட் ரெசிஸ்டர்கள் போதும். ஓம் பிரச்சினையும் ஒலியளவுப் பிரச்சினையும் அந்த மூன்றோடு முடிகின்றன.

இதன் பயன் கணக்கோடு நிற்பதில்லை. ட்வீட்டர் கிளையை இப்போது 8 ஓமுக்கு வடிவமைக்கலாம் என்பதால் கெப்பாசிட்டர் 8 மைக்ரோஃபாரடுக்குப் பதில் 3.9 போதும். நல்ல பாலிபுரொப்பிலீன் கெப்பாசிட்டரின் விலை அளவோடு ஏறுவதால் இது கணிசமான மிச்சம். காயில் 1 மில்லிஹென்றியாகப் பெரிதாகும், ஆனால் அது ட்வீட்டருக்குக் குறுக்கே இருப்பது; அதில் பெரிய மின்னோட்டம் ஓடாது, மெல்லிய கம்பியில் சுற்றியதே போதும். எல்லாவற்றுக்கும் மேலாக ஆம்ப் இனி 4 ஓமைப் பார்க்காது.

ஒரு கேள்வி எழலாம்: குறுக்கு ரெசிஸ்டரே வேண்டாம், 7.3 ஓமை மட்டும் தொடராக வைத்தாலும் 9 டெசிபெல் குறையுமே? குறையும், ஆனால் எல்லா அதிர்வெண்ணிலும் அல்ல. ட்வீட்டரின் இம்பீடன்ஸ் அதன் ஒத்ததிர்வில் (அது இயல்பாகவே அதிகம் அதிரும் அதிர்வெண்ணில்), உங்களுடையதில் 900 ஹெர்ட்ஸ் அருகே, மேலே எழும். அங்கே அது 12 ஓம் ஆகிறது என்று கொள்வோம். தொடர் ரெசிஸ்டர் மட்டும் இருந்தால் அந்த இடத்தில் தணிப்பு 9 டெசிபெல்லிலிருந்து 4 ஆகச் சுருங்கிவிடும். எங்கே ட்வீட்டர் அடங்கியிருக்க வேண்டுமோ அங்கே 5 டெசிபெல் அதிகமாகப் பாயும். குறுக்கே 10 ஓம் இருந்தால் அதே இடத்தில் மீறல் ஏறத்தாழ 3 டெசிபெல்லாகக் குறைகிறது. முழுதும் நீங்கவில்லை என்பதையும் கவனியுங்கள். அளந்து பார்த்து அந்த மேடு தொல்லை தருவதாகத் தெரிந்தால் ஒத்ததிர்வுக்கென்று காயில், கெப்பாசிட்டர், ரெசிஸ்டர் மூன்றையும் தொடராக்கி ட்வீட்டருக்குக் குறுக்கே இன்னொரு கிளை போடலாம். காந்த இடைவெளியில் ஃபெரோஃப்ளூயிட் என்ற காந்தத் திரவம் நிரப்பிய ட்வீட்டர்களில் இந்த மேடு முன்பே தட்டையாக இருக்கும், அதற்குத் தேவை இராது. பிரியும் அதிர்வெண் ஒத்ததிர்வைவிட இரு மடங்காவது மேலே இருக்க வேண்டும் என்பது பழைய நடைமுறை விதி. 900க்கு 2500 என்பது அதற்குள் வசதியாக அடங்குகிறது. ரெசிஸ்டர்கள் எங்கே அமர வேண்டும் என்பதும் முக்கியம். இந்தக் கணக்கு முழுவதும் அவை வடிகட்டிக்கும் ட்வீட்டருக்கும் இடையில் இருப்பதாகக் கொண்டது. கெப்பாசிட்டருக்கு முன்னால், ஆம்ப் பக்கம் வைத்தால் வளைவு வேறாகிவிடும்.

இதுவரை ட்வீட்டரைப் பற்றியே பேசினேன். ஓம் விஷயத்தில் வூஃபர்தான் உண்மையில் ஏமாற்றுவது. அதன் மேல் எழுதியிருக்கும் 8 ஓம் ஒரு பெயர் மட்டுமே. நீங்கள் கொடுத்த விவரப்படி அதன் நேர்மின்தடை (டி.சி. ரெசிஸ்டன்ஸ்) 5.8 ஓம், குரல்சுருளின் தூண்டல் 0.8 மில்லிஹென்றி. 2500 ஹெர்ட்ஸில் இந்தத் தூண்டல் மட்டும் பன்னிரண்டரை ஓம் மறுப்பைத் (ரியாக்டன்ஸ்) தரும். இரண்டும் சேர்ந்து இம்பீடன்ஸ் 14 ஓம் அருகே போகும். 8 ஓமுக்கு என்று கணக்கிட்ட 1.02 மில்லிஹென்றியும் 4 மைக்ரோஃபாரடும் இந்தச் சுமையின் முன் தடுமாறுகின்றன: 2500 ஹெர்ட்ஸில் 6 டெசிபெல் தாழ்வதற்குப் பதில் ஒன்றேகால் டெசிபெல்தான் தாழும். ஏறத்தாழ 5 டெசிபெல் தவறு. 4 ஓம், 8 ஓம் என்று நாம் கவலைப்பட்டுக்கொண்டிருக்கும் வேளையில், ஒரே 8 ஓம் வூஃபருக்குள்ளேயே அதே அளவு பிழை ஒளிந்திருக்கிறது.

இதற்கு மருந்து, 1920களில் அமெரிக்கத் தொலைபேசித் துறையில் பணியாற்றிய ஓட்டோ ஸோபலின் பெயரால் அழைக்கப்படும் எளிய கிளை: ஒரு ரெசிஸ்டரும் ஒரு கெப்பாசிட்டரும் தொடராக, வூஃபரின் முனைகளுக்குக் குறுக்கே. ரெசிஸ்டர் நேர்மின்தடையைப் போல் ஒன்றேகால் மடங்கு, அதாவது 7.25 ஓம், கெப்பாசிட்டர் தூண்டலை அந்த ரெசிஸ்டரின் வர்க்கத்தால் வகுத்தது, அதாவது 15 மைக்ரோஃபாரட். கடையில் 6.8 ஓமோ 7.5 ஓமோ கிடைப்பது போதும். இதைச் சேர்த்ததும் 2500 ஹெர்ட்ஸில் சுமை ஏறத்தாழ ஏழரை ஓமாகவும் கிட்டத்தட்ட தூய மின்தடையாகவும் ஆகிவிடுகிறது. அதன் பிறகுதான் 8 ஓம் அட்டவணை எண்கள் பொருள் பெறுகின்றன. இந்தக் கணக்கில் ஒரு குறை உண்டு. உண்மையான குரல்சுருள் இரும்புத் துருவத்தைச் சுற்றி இருப்பதால் தூய காயில் போல நடந்துகொள்ளாது. அதன் மறுப்பு அதிர்வெண்ணோடு நேர்விகிதத்தில் ஏறாமல் மந்தமாக ஏறும். டேட்டா ஷீட் தரும் 0.8 என்பது பெரும்பாலும் 1000 ஹெர்ட்ஸில் எடுத்த ஒற்றை அளவு. எனவே ஸோபல் மதிப்புகளைத் தொடக்கப்புள்ளியாக மட்டும் கொள்ளுங்கள்.

ஆம்ப் பற்றிய அச்சத்துக்கு வருகிறேன். வூஃபரும் ட்வீட்டரும் இணையாக இருப்பதால் 8 ஓமும் 4 ஓமும் சேர்ந்து 2.7 ஓம் ஆகிவிடும் என்று சிலர் எச்சரித்ததாகச் சொன்னீர்கள். அது சரியல்ல. கிராஸ்ஓவர் இருக்கும்வரை தாழ்ந்த அதிர்வெண்களில் ட்வீட்டர் கிளை ஏறக்குறைய திறந்த சுற்று. உயர்ந்தவற்றில் வூஃபர் கிளை அப்படி. வூஃபருக்கு ஸோபல் போட்டாலும் இதில் மாற்றமில்லை, அதற்கு முன்னால் காயில் நிற்கிறது. இரண்டும் வேலை செய்யும் 2500 ஹெர்ட்ஸிலேகூட இம்பீடன்ஸ் குறைவதில்லை: இரு கிளைகளும் 8 ஓம் என்றால் இந்த வகை வடிகட்டியில் அது 16 ஓமாக உயரும், ட்வீட்டர் கிளையை 4 ஓமுக்கே விட்டிருந்தால் 9 ஓம் அருகே இருக்கும். அப்படி விட்டிருந்தால் மட்டும், அதற்கு மேலே போகப் போக 4 ஓம் அருகே இறங்கி, உங்கள் ஆம்பின் 6 ஓம் எல்லையை மீறியிருக்கும். 60268-5 என்ற எண்ணுள்ள ஐ.இ.சி. (சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம்) தரநிலையின்படி பெட்டியின் இம்பீடன்ஸ், அறிவித்த மதிப்பின் 80 விழுக்காட்டுக்குக் கீழே எங்கும் போகக்கூடாது. 8 ஓம் பெட்டி என்றால் 6.4 ஓம். மேலே சொன்ன ரெசிஸ்டர் ஏற்பாட்டால் உங்கள் ட்வீட்டர் கிளை இந்த எல்லைக்குள் நிற்கும். வூஃபரின் தாழ்ந்த புள்ளி, வழக்கமாக 150 முதல் 400 ஹெர்ட்ஸுக்குள் வருவது, 5.8 ஓமுக்குச் சற்று மேலே இருக்கும். காயிலின் மின்தடை அதோடு சேரும். தரநிலையைக் கண்டிப்பாகப் பார்த்தால் எல்லையோரம்தான், ஆனால் வீட்டில் கேட்கும் ஒலியளவில் அந்த ஆம்புக்கு ஆபத்து என்று நான் கருதவில்லை.

உறுதியானவை இத்துடன் முடிகின்றன. மீதியை அளந்தால்தான் சொல்ல முடியும். மேலே உள்ள கணக்குகள் அனைத்தும் மின்வடிகட்டியைப் பற்றியவை. காதுக்கு வருவதோ அந்த வடிகட்டலும் ஸ்பீக்கரின் இயற்கையான ஏற்ற இறக்கமும் சேர்ந்தது. 6.5 அங்குல வூஃபர் 2500 ஹெர்ட்ஸுக்கு மேல் தானாகவே இறங்கத் தொடங்கலாம், அல்லது 4000 ஹெர்ட்ஸில் கோன் முறிவால் (கோன் ஒரே துண்டாக அசையாமல் பகுதி பகுதியாக அதிர்வதால்) ஒரு மேடு காட்டலாம். இரண்டுக்கும் வேண்டிய வடிகட்டி ஒன்றல்ல. மேலும் வூஃபரின் ஒலி புறப்படும் இடம் ட்வீட்டரைவிடச் சற்றுப் பின்னே இருக்கும். 2500 ஹெர்ட்ஸில் அலைநீளம் 13.7 சென்டிமீட்டர், இரண்டரை சென்டிமீட்டர் பின்வாங்கல் அங்கே 65 பாகைக்கு மேல் கட்ட வேறுபாடு. இரண்டாம் படி வடிகட்டியில் ட்வீட்டரின் முனைகளைத் திருப்பி இணைக்க வேண்டும் என்று எல்லாக் கையேடுகளும் சொல்லும். கோட்பாட்டளவில் அது சரி. நடைமுறையில் இந்தப் பின்வாங்கல் அதைப் பாதியில் குழப்பிவிடும். ஆகவே இரண்டு விதமாகவும் இணைத்து அளந்து பாருங்கள். ஒரு விதத்தில் 2500 அருகே ஆழமான, இரு பக்கமும் ஒத்த பள்ளம் விழுந்தால், அதன் எதிர் இணைப்புதான் சரி என்று பொருள். இரண்டிலும் பள்ளம் ஆழமில்லை என்றால் கட்டம் இன்னும் ஒத்துவரவில்லை. காயில் மதிப்புகளைத்தான் திருத்த வேண்டும்.

அளப்பது நினைப்பது போல் செலவு பிடிக்கும் காரியம் அல்ல. இம்பீடன்ஸுக்குக் கணினியின் ஒலி அட்டை, 100 ஓம் ரெசிஸ்டர் ஒன்று, சில வயர்கள், இலவசமாகக் கிடைக்கும் ஆர்.இ.டபிள்யூ. (ரூம் ஈக்யூ விசார்ட்) மென்பொருள் போதும். ஸ்பீக்கரை மாட்டுமுன் மதிப்பு தெரிந்த 8.2 ஓம் ரெசிஸ்டர் ஒன்றை அளந்து, திரையில் 8.2 என்ற நேர்கோடு வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கோடு சரியாக வராவிட்டால் அதற்குப்பின் வரும் எதையும் நம்ப வேண்டாம். சாதாரண மல்டிமீட்டரை வைத்து 2500 ஹெர்ட்ஸில் மாறுதிசை மின்னழுத்தம் அளக்க முயல வேண்டாம். மலிவான மீட்டர்கள் பல சில நூறு ஹெர்ட்ஸுக்கு மேல் தவறாகக் காட்டும். ஸ்பீக்கர்களை அவை கடைசியாக இருக்கப்போகும் பெட்டியிலேயே பதித்து அளக்க வேண்டும். ஒலி வளைவுக்கு ஓர் அளவீட்டு மைக் வேண்டும். ட்வீட்டரைத் தனியே அளக்கும்போது பாதுகாப்பாக ஒரு கெப்பாசிட்டரைத் தொடரில் வைத்து, சோதனை ஒலியைச் சில நூறு ஹெர்ட்ஸுக்கு மேலிருந்து தொடங்குங்கள். பிறகு கிம்மோ சௌனிஸ்டோவின் விட்யூயிக்ஸ்கேட், பில் வாஸ்லோவின் எக்ஸ்சிம் ஆகிய இலவச மென்பொருள்களில் ஒன்றில் இந்த அளவீடுகளை இட்டால், ஈயம் உருக்குவதற்கு முன்னமே திரையில் கிராஸ்ஓவரைத் திருத்தலாம். இந்த வசதி வருவதற்கு முன் நாங்கள் காயிலில் பத்துப் பத்துச் சுற்றாக அவிழ்த்துக் காதால் கேட்டுக்கொண்டிருந்தோம். ஒரு ஜோடிக்கு ஒரு மாதம் ஆகும்.

பாகங்களைப் பற்றிச் சுருக்கமாக. வூஃபருக்குத் தொடரில் வரும் காயில் தடித்த கம்பியில் இருக்கட்டும். 1 மில்லிஹென்றிக்கு 0.4 ஓம் மின்தடை இருந்தால் அரை டெசிபெல் அளவுக்கு ஒலி குறைவதோடு பாஸின் இறுக்கமும் சற்றுத் தளரும். இரண்டு காயில்களையும் அருகருகே ஒரே திசையில் படுக்க வைக்காதீர்கள். ஒன்று நின்றும் மற்றொன்று படுத்தும், இடையில் நான்கு விரற்கடைக்குமேல் இடம் விட்டும் இருக்க வேண்டும். மெக்கானிக்குகள் 'நான்-போலார் கண்டென்சர்' என்று தரும் எலக்ட்ரோலிட்டிக் வகை ஸோபல் கிளைக்குப் போதும். ட்வீட்டரின் தொடரில் ஃபிலிம் வகையே வையுங்கள். சென்னை ரிச்சி தெருவில் இரண்டும் கிடைக்கும், ஆனால் மேலே அச்சிட்டிருக்கும் மதிப்பை நம்பாமல் மீட்டரில் அளந்து, இடதுக்கும் வலதுக்கும் ஒத்த ஜோடிகளாகப் பொறுக்குங்கள். மிக விலை உயர்ந்த கெப்பாசிட்டர் தனியொரு இனிமை தரும் என்ற பேச்சை நீங்கள் கேட்டிருப்பீர்கள். மதிப்பும் உள்மின்தடையும் ஒத்த இரண்டு ஃபிலிம் கெப்பாசிட்டர்களுக்கு இடையே, எது எது என்று தெரியாமல் கேட்டபோது, எனக்கு வேறுபாடு பிடிபட்டதில்லை. அந்தப் பணத்தை மைக்குக்குச் செலவிடுங்கள்.

கடைசியாக, கிராஸ்ஓவரை முதல் நாளே பெட்டிக்குள் வைத்து மூடாதீர்கள். ஒரு மரப்பலகையில் ஆணியடித்துப் பரப்பி, பெட்டிக்கு வெளியே நீண்ட வயரில் விட்டு, உங்கள் அறையில், நீங்கள் நன்றாக அறிந்த குரல்களைச் சில நாள் கேளுங்கள். மாற்ற வேண்டியது பெரும்பாலும் அந்தத் தொடர் ரெசிஸ்டர் ஒன்றுதான்: 5 ஓமுக்குப் பதில் 4.7 வைத்தால் ட்வீட்டர் ஏறத்தாழ மூன்றில் ஒரு டெசிபெல் ஏறும், 5.6 வைத்தால் அரை டெசிபெல்லுக்குச் சற்று மேல் இறங்கும். இவ்வளவு சிறிய மாற்றம் கேட்குமா என்று தோன்றும். ட்வீட்டர் முழுவதும் ஒருசேர ஏறி இறங்குவதால் கேட்கும். அந்த மதிப்பு நிலைத்த பிறகு பலகையை உள்ளே வைத்து, ரெசிஸ்டர்கள் சூடாகும் என்பதால் அவற்றைப் பஞ்சிலிருந்தும் கெப்பாசிட்டர்களிலிருந்தும் சற்றுத் தள்ளி உயர்த்திப் பொருத்துங்கள்.